பத்து 'முடியும்'... ஒரு 'முடியாது'!



தமிழ்லயே சொல்றதுக்கு ரொம்பக் கஷ்டமான வார்த்தை எதுன்னு ஒரு போட்டி வெச்சா, நீங்க எதைச் சொல்வீங்க? நாக்கு சுளுக்குற வார்த்தைகளை எல்லாம் தேடி மண்டையைக் குழப்பிக்காதீங்க. என்னைக் கேட்டா, அது 'முடியாது'தான்! நாலே நாலு எழுத்து. ஆனா, தொண்டை வரைக்கும் வரும். அப்படியே யு-டர்ன் போட்டு உள்ளே போயிடும்.

பின்னே? 'மச்சி, ரெக்கார்டு நோட்டை நீயே முடிச்சுக் குடுத்துடுடா' என்பான் பெஞ்ச்மேட். மனசுக்குள்ளே நூறு தடவை 'முடியாதுடா' என்று கத்துவோம். வாய் மட்டும் 'சரி மச்சி' என்று சொல்லிடும். பிடிக்காத கோர்ஸில் சேரச் சொன்னால் சரி. கையில் காசே இல்லாதபோது ட்ரீட் கேட்டால் சரி. எதற்கெடுத்தாலும் சரி, சரி, சரி! அப்புறம் ராத்திரி முழுக்க ஹாஸ்டல் மொட்டை மாடியில் உட்கார்ந்து புலம்பல்.

இந்த நாலு எழுத்தைத் துளிகூடக் கூச்சப்படாமல், பெரிய பெரிய ஆட்களின் முகத்துக்கு நேராகவே சொன்ன ஒருத்தரைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப் போறோம். அவர் பெயர் பி.பானுமதி. 'யாரு? ப்ளாக் அண்ட் ஒயிட் ஹீரோயினா?' என்று பேப்பரை மடிச்சு வெச்சுடாதீங்க பாஸ்! 1992-ல் வந்த 'செம்பருத்தி' படத்தில் பிரசாந்துக்குப் பாட்டியாக வந்து மிரட்டுவாரே... அவரேதான். அந்தப் பாட்டியின் ஃப்ளாஷ்பேக் செம சுவாரஸ்யம்!

அப்பா போட்ட கண்டிஷன்

1925 செப்டம்பர் 7. அன்றைய சென்னை மாகாணத்தில், ஓங்கோல் பக்கம் இருக்கிற தொட்டவரம் கிராமத்தில் பிறந்தவர் பானுமதி. அப்பா பொம்மராஜு வெங்கட சுப்பையாவுக்குச் சங்கீதம் என்றால் உயிர். மகளுக்குச் சின்ன வயதிலேயே பாட்டு சொல்லிக் கொடுத்தார். அந்தப் பாட்டுதான் சினிமா வரைக்கும் இழுத்து வந்தது.

முதல் படம், இயக்குநர் சி.புல்லய்யாவின் 'வர விக்ரயம்'. 1939-ல் வந்த தெலுங்குப் படம். 'மாப்பிள்ளை வியாபாரம்' என்று தலைப்பைத் தமிழில் சொல்லலாம். வரதட்சணையைப் போட்டு வாங்கு வாங்கென்று வாங்கிய நாடகம்தான் படமானது. அதில் வயசான ஆளுக்குக் கழுத்தை நீட்ட மறுத்து உயிரையே விடுகிற காளிந்தியாக நடித்தபோது பானுமதிக்கு 13 வயசு. முதல் ரோலே 'மாட்டேன்' என்று சொல்கிற ரோல்!

'என் பெண்ணை யாரும் கட்டிப்பிடித்து நடிக்கக் கூடாது.' இது, நடிக்க அனுப்பும்போது அப்பா போட்ட கண்டிஷன். கவனிங்க... இதுவும் ஒரு 'முடியாது'தான். ஆனால், அது அப்பாவோடது. மகளோட சொந்த 'முடியாது' வருவதற்கு நாலு வருஷம் ஆச்சு. அதுவும் யாரிடம்? அதே அப்பாவிடம்!

1943-ல் 'கிருஷ்ண பிரேமா' ஷூட்டிங். அங்கே உதவி இயக்குநராக வேலை பார்த்தவர் பி.எஸ்.ராமகிருஷ்ண ராவ். அமைதியான மனுஷர். பானுமதிக்கு அவரைப் பிடித்துப் போச்சு. சொந்த வீடு, சொத்து என்று பெரிதாக எதுவும் இல்லாத அசிஸ்டென்ட்டுக்கு எந்த அப்பா சட்டென்று பெண் கொடுப்பார்? வீட்டில் எதிர்ப்பு. 'இவரைத்தான் கட்டிப்பேன்' என்று பானுமதி உறுதியாக நின்றார். அந்த வருஷம் ஆகஸ்ட் 8-ம் தேதி கல்யாணம் நடந்தே விட்டது. அந்தக் காலத்தில் பதினேழு வயசுப் பெண்ணுக்கு இது சாதாரண விஷயம் இல்லை.

கல்யாணத்துக்குப் பிறகு, 'போதும் சாமி, இனிமேல் குடும்பம்தான்' என்று சினிமாவுக்கே குட்பை சொல்லிவிட்டார். இயக்குநர் பி.என்.ரெட்டி விடவில்லை. 'சொர்க்க சீமா' படத்தில் நடிக்கக் கேட்டு வந்தார். கதையைக் கேட்டதும் பானுமதிக்கு ஆசை வந்துவிட்டது. தெருவில் ஆடிப்பாடுகிற சுப்பி என்ற பெண், மேடை நட்சத்திரம் சுஜாதாவாக மாறி, நாகையாவின் குடும்பத்தையே ஆட்டிப்படைக்கிற ரோல். 'நல்ல பெண்' இமேஜ் போயிடுமே என்று யோசிக்கிற இடம் அது. அவர் யோசிக்கவில்லை. 1945-ல் படம் வந்தது. பானுமதி ஸ்டார் ஆனார்.

எல்லா டிபார்ட்மென்ட்டும் அத்துப்படி

இனிமேல்தான் முக்கியமான கட்டம்.

சினிமாவில் ஒருத்தர் நடிக்க, இன்னொருத்தர் பின்னணி பாடுகிற வழக்கம் வேர் பிடித்த நேரம் அது. பாடத் தெரியாதவர்களுக்கு அது வரப்பிரசாதம். பானுமதி மட்டும், 'என் பாட்டை நானேதான் பாடுவேன்' என்று நின்றார். கடைசி வரைக்கும் அந்தக் கொள்கையை விடவில்லை. இன்றைக்கும் அவர் பாட்டு எங்கேயாவது காதில் விழுந்தால் முதல் வரியிலேயே 'பானுமதி' என்று சொல்லிவிடலாம். கொஞ்சம் கனம், கொஞ்சம் கம்பீரம், அதற்குள்ளே ஒரு குறும்பு. அப்படியொரு தனிக்குரல்!

1947-ல் கணவரோடு சேர்ந்து 'பரணி பிக்சர்ஸ்' ஆரம்பித்தார். மகன் பெயர்தான் கம்பெனிக்கும். பிறகு பரணி ஸ்டுடியோவும் வந்தது. நாயகிகள் அடுத்த கம்பெனியின் அழைப்புக்குக் காத்திருந்த காலத்தில், இவருக்குக் கம்பெனியே சொந்தம்! 1949-ல் தமிழில் பி.யு.சின்னப்பாவுடன் 'ரத்னகுமார்', என்.எஸ்.கிருஷ்ணனுடன் 'நல்லதம்பி' என்று இங்கேயும் ஒரு ரவுண்டு ஆரம்பமாச்சு.

அடுத்தது 1953. 'சண்டிராணி'. இரட்டை வேடம். ஜோடி என்.டி.ராமராவ். படம் தமிழ், தெலுங்கு, இந்தி என்று மூன்று மொழிகளில் தயாரானது. இயக்கம்? நம்ம பானுமதி! அப்போது அவருக்கு முப்பது வயசுகூட ஆகவில்லை. ஒரு மொழியில் எடுத்துவிட்டு மற்றதற்கு டப்பிங் போட்டு ஒப்பேத்துகிற கதை இல்லை இது. மொழிக்கு மொழி நடித்து எடுக்கணும். இரட்டை வேடம் என்பதால் எல்லாம் டபுள் வேலை. நடித்துவிட்டு, கேமராவுக்குப் பின்னாடி ஓடி வந்து 'ஓ.கே.' சொல்லணும். நடுவில் பாட்டு ரெக்கார்டிங் வேறு!

தென்னிந்தியாவில் பெண்கள் படம் இயக்குவதைத் தொடங்கிவைத்தவர் டி.பி.ராஜலட்சுமி. 1936-லேயே 'மிஸ் கமலா'வை இயக்கிவிட்டார். அந்தப் பாதையில் வந்த பானுமதி, மூன்று மொழிகளில் ஒரே கதையைத் தூக்கி நிறுத்தினார். அடுத்த வருஷம் 'சக்ரபாணி' என்ற சொந்தப் படத்துக்கு இசையமைத்தார். இதெல்லாம் போதாதென்று கதை எழுதுவார். மாமியார் - மருமகள் கலாட்டாவை வைத்துத் தெலுங்கில் அவர் எழுதிய 'அத்தகாரி கதலு' நகைச்சுவைக் கதைகளுக்கு ஆந்திர சாகித்ய அகாடமி விருதே கிடைத்தது. 'அஷ்டாவதானி' என்று அவரைச் சும்மா கூப்பிடவில்லை!

மன்னிப்புக் கடிதமா... நானா?

அதே நேரத்தில்தான் அந்தப் பிரபலமான மோதலும் நடந்தது. விஜயா நிறுவனத்தார் தெலுங்கில் 'மிஸ்ஸம்மா' எடுக்க ஆரம்பித்தார்கள். தமிழில் 'மிஸ்ஸியம்மா'. எல்.வி.பிரசாத் இயக்கம். தெலுங்கில் முதலில் நாயகி பானுமதிதான். சில ரீல்கள் எடுத்தும் முடித்துவிட்டார்கள்.

ஒருநாள் வீட்டில் விரத பூஜை. ஷூட்டிங்குக்கு பானுமதி தாமதமாக வந்தார். தயாரிப்பாளர்களில் ஒருவரான சக்ரபாணிக்குக் கோபம். 'மன்னிப்புக் கடிதம் கொடுத்தால்தான் ஷூட்டிங்' என்று சொல்லிவிட்டார். பானுமதியின் பதில் உங்களுக்கே தெரியும். முடியாதுன்னா முடியாது!

அவ்வளவுதான். எடுத்த ரீல்கள் வீண். அதே படத்தில் இரண்டாவது நாயகியாக இருந்த பெண்ணை முதல் நாயகியாக்கினார்கள். அந்தப் பெண்ணின் இடத்துக்கு ஜமுனா வந்தார். முதல் நாயகியான அந்தப் பெண் யார் தெரியுமா? சாவித்திரி! 1955-ல் வந்த அந்தப் படம் இரண்டு மொழியிலும் சக்கைப்போடு போட்டது. சாவித்திரி எங்கேயோ போய்விட்டார். பானுமதி சொன்ன ஒரு 'முடியாது'வின் விலை, ஒரு சூப்பர் ஹிட்.

லேட்டாக வந்தது தப்பா, கடிதம் கேட்டது தப்பா? உங்க டிபார்ட்மென்ட்டில் பட்டிமன்றமே நடத்தலாம். நூறு பேர் காத்துக்கொண்டிருக்கிற இடத்துக்குத் தாமதமாகப் போவது சரின்னு நான் சொல்ல மாட்டேன். அவர் சொன்ன எல்லா 'முடியாது'ம் நியாயம் என்றும் வாதாடப் போவதில்லை. ஆனால் ஒன்று... அதற்கான பில் வந்தபோது, அதை அடுத்தவர் தலையில் கட்டாமல் அவரே கட்டினார்.

மூணு வருஷத்திலேயே அடுத்த மோதல். இந்தத் தடவை எதிரில் இருந்தவர் எம்.ஜி.ஆர்.! 'மலைக்கள்ளன்' (1954), 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956), 'மதுரை வீரன்' (1956) என்று இரண்டு பேரும் வரிசையாக வெற்றி கொடுத்த ஜோடி. 'மலைக்கள்ளன்' ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கம் வாங்கிய படம். 'அலிபாபா' தமிழில் முழு நீளக் கலர் படம். அடுத்து எம்.ஜி.ஆர். தன் சொந்தக் காசைப் போட்டு, முதன்முதலாக இயக்கிய 'நாடோடி மன்னன்'. படம் எடுக்கிற விதத்தில் இரண்டு பேருக்கும் ஒத்துவரவில்லை. அவரும் ஒரு டைரக்டர் ஆச்சே! பாதியில் விலகிக்கொண்டார். கதையில் அவர் நடித்த மதனா கேரக்டரைச் சாகடித்துவிட்டு, பின்பாதியில் சரோஜாதேவியை வைத்துக் கதையை நகர்த்தினார்கள். 1958-ல் வந்த படம் எப்படி ஓடியது என்று உங்க தாத்தாவைக் கேளுங்க... கண் கலங்கச் சொல்வார்.

ஆக, இரண்டு 'முடியாது'. இரண்டு மெகா ஹிட் அடுத்தவர் கணக்கில். இண்டஸ்ட்ரி என்ன சொல்லியிருக்கும்? 'திமிர் பிடித்தவங்க', 'ராங்கிக்காரி'. இதையே ஒரு ஹீரோ செய்திருந்தால் 'கறாரான ஆளுப்பா' என்று மரியாதையாகச் சொல்லியிருப்பார்கள். கேர்ள்ஸ், உங்க கிளாஸில்கூட இந்த அகராதி இன்னும் மாறலைதானே?

கதவைச் சாத்தவில்லை

இதோடு கதை முடிஞ்சதுன்னு நினைச்சால் ஏமாந்து போவீங்க.

'நாடோடி மன்னன்' சண்டைக்குப் பிறகு எம்.ஜி.ஆரும் பானுமதியும் ஜென்மப் பகையாளியாக ஆனார்களா? இல்லவே இல்லை. 1960-ல் 'ராஜா தேசிங்கு', 1963-ல் 'கலை அரசி', 'காஞ்சித் தலைவன்' என்று மறுபடியும் சேர்ந்து நடித்தார்கள். அதிலும் 'கலை அரசி'யில் வேற்றுக்கிரகத்து ஆட்கள் பறக்கும் தட்டில் வந்து நாயகியைத் தூக்கிக்கொண்டு போவார்கள். 1963-லேயே! இன்னும் ஒன்று... எம்.ஜி.ஆர். முதல்வராக இருந்த 80-களில்தான் சென்னை அரசு இசைக் கல்லூரியின் முதல்வராகப் பொறுப்பேற்றார் பானுமதி. ஒருத்தர் நாட்டுக்கு முதல்வர். இன்னொருத்தர் கல்லூரிக்கு முதல்வர். பழைய சண்டை நடுவில் நிற்கவில்லை.

'முடியாது' சொல்வது வேறு, முகத்தில் அடிப்பது வேறு. அவர் மறுத்தது அந்த வேலையை, அந்த நிபந்தனையை. அந்த மனுஷரை இல்லை. நம்மில் பாதிப் பேர் இங்கேதான் கோட்டை விடுறோம். ஃப்ரெண்டுகிட்ட 'முடியாது' சொன்னால் ஃப்ரெண்ட்ஷிப்பே போயிடும்னு பயப்படுறோம். மீதிப் பாதிப் பேர், 'முடியாது' சொல்லும்போதே ஃப்ரெண்ட்ஷிப்பையும் சேர்த்து உடைச்சுட்டு வந்துடுறோம்.

நடிப்பிலும் அவர் தேடிப் பிடித்தவை எல்லாம் முதுகெலும்புள்ள பெண்கள்தான். 1956-ல் வந்த 'ரங்கோன் ராதா' பாருங்க. அண்ணாவின் நாவல். மனைவிக்குப் பேய் பிடித்திருக்கிறது, பைத்தியம் என்று ஊரை நம்பவைத்து, அவள் தங்கையையும் சொத்தையும் வளைக்கப் பார்க்கிற கணவனாக சிவாஜி. அந்த மனைவியாக பானுமதி. 'நீ பைத்தியம்' என்று நாலு பேர் திரும்பத் திரும்பச் சொன்னால், நல்லா இருக்கிறவருக்கே சந்தேகம் வந்துடும் இல்லையா? அந்த மிரட்சியையும், அதைத் தாண்டி எழுந்து நிற்கிற உறுதியையும் காட்டுவார் பாருங்க... 'நடிப்புக்கு இலக்கணம்' என்று அண்ணா பட்டம் கொடுத்தது வெறும் மேடைப் பேச்சு இல்லை என்று புரியும்.

1962-ல் ஏ.வி.எம்.மின் 'அன்னை'. கிருஷ்ணன் - பஞ்சு இயக்கம். இன்னும் நாயகியாகவே நடித்துக்கொண்டிருந்த நேரத்தில், வளர்ந்த பையனுக்கு அம்மாவாக வந்தார். தங்கையின் குழந்தையைத் தன் குழந்தையாக வளர்த்துவிட்டு, உண்மை தெரிந்தால் பையன் போயிடுவானோ என்று பயந்து சாகிற தாய். 'என் மார்க்கெட் என்ன ஆகும்?' என்று அவர் கவலைப்படவில்லை. ரோல் பிடித்தது, நடித்தார்.

அதற்குப் பிறகும் சும்மா இருக்கவில்லை. 1966-ல் பத்மஸ்ரீ. 1975-ல் 'இப்படியும் ஒரு பெண்' படத்தின் இயக்குநர். 1982-ல் குழந்தைகளை மட்டுமே நடிக்கவைத்து 'பக்த துருவ மார்க்கண்டேயா'. 1984-ல் நம்ம 'மண்வாசனை'யைத் தெலுங்கில் எடுத்தபோது பாட்டி ரோலில் பின்னி எடுத்தார். 2001-ல் பத்மபூஷண். 2005 டிசம்பர் 24-ல் சென்னையில் காலமாகும்போது அவருக்கு 80 வயசு.

ரகசியம் என்ன?

சரி, விஷயத்துக்கு வருவோம். அவரால் மட்டும் எப்படி முடிந்தது?

தைரியம் என்று ஒரே வார்த்தையில் முடிக்கலாம். ஆனால் தைரியம் ஆகாயத்திலிருந்து குதிப்பதில்லை ஃப்ரெண்ட்ஸ். 'மிஸ்ஸம்மா'வை விட்டு வெளியே நடந்தபோது பானுமதியின் கையில் என்னென்ன இருந்தது? ஒரு லிஸ்ட் போடுங்க. பாட முடியும். எழுத முடியும். இசையமைக்க முடியும். இயக்க முடியும். தயாரிக்க முடியும். மூன்று மொழிகளில் நடிக்க முடியும். சொந்தக் கம்பெனி நடத்த முடியும். இத்தனை 'முடியும்' முதுகுக்குப் பின்னாடி நின்றதால்தான், அந்த ஒரு 'முடியாது' நடுங்காமல் வாயிலிருந்து வந்தது. அந்தப் படம் போனால் அவருக்கு ஒரு படம் போச்சு. அவ்வளவுதான். வாழ்க்கை போகவில்லை!

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லிடணும். அவருக்குக் கணவர் துணையாக இருந்தார். சேர்ந்து கட்டிய கம்பெனி இருந்தது. அந்தக் காலத்து எத்தனையோ நடிகைகளுக்கு இந்த இரண்டுமே கிடைக்கவில்லை. சம்பாதித்ததை எல்லாம் இழந்து நின்றவர்களும் உண்டு. அவர்கள் 'முடியாது' சொல்லவில்லையே என்று இப்போது தீர்ப்பு சொல்ல நமக்கு உரிமை இல்லை. நிற்க ஒரு அடி நிலம்கூட இல்லாதவரிடம் 'ஏன் நிமிர்ந்து நிற்கலை?' என்று கேட்பது அராஜகம்.

ஆனா, உங்களுக்கு இப்ப அந்த நிலத்தைத் தயார் பண்ணுற வயசு. நாளைக்கு கேம்பஸ் இன்டர்வியூவில் ஒருத்தர் கண்டிஷன் போடுவார். கல்யாணப் பேச்சில் ஒருத்தர் 'வேலையை விட்டுடும்மா' என்பார். வேலைக்குப் போன இடத்தில் ஒருத்தர் தப்பான இடத்தில் கையெழுத்துப் போடச் சொல்வார். அன்றைக்கு 'முடியாது' வருமா, வராதா என்பது, அந்த நிமிஷத்து வீராப்பில் இல்லை. இன்றைக்கு நீங்க எத்தனை 'முடியும்' சேர்த்து வைக்கிறீங்க என்பதில்தான் இருக்கு. இன்னொரு மொழி, இன்னொரு தொழில், கொஞ்சம் சேமிப்பு, நாலு நல்ல மனுஷங்க... எதுவும் வீணாகாது.

இந்த வார ஹோம்வொர்க் ரொம்ப ஈஸி. ஒரு பேப்பரை எடுங்க. நடுவில் ஒரு கோடு. ஒரு பக்கம், 'முடியாது' என்று சொல்ல நினைத்தும் சொல்லாமல் விட்டதை எழுதுங்க. இன்னொரு பக்கம், அதைச் சொல்வதற்கு உங்களிடம் என்ன 'முடியும்' இல்லாமல் போச்சு என்று எழுதுங்க. யாருக்கும் காட்ட வேண்டாம். ரெண்டாவது பக்கம்தான் உங்களுக்கான உண்மையான சிலபஸ்!

அப்புறம்... இன்றைக்கு ராத்திரி எந்த சீரீஸும் வேண்டாம். பாட்டியையோ தாத்தாவையோ பக்கத்தில் உட்கார வெச்சுக்கிட்டு 'ரங்கோன் ராதா' பாருங்க. 'இதெல்லாம் எங்களால முடியாது'ங்கிறீங்களா? ம்ஹூம்... இந்த ஒரு 'முடியாது'க்கு மட்டும் அனுமதி கிடையாது!